சாமான் அசல்தான், மாட்டியது சரியா?

நம் சங்க இதழில் இலக்கியம் எழுதவும் ஆன்மிகம் எழுதவும் தகுதியுள்ள பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து, ரயில்வே டீசல் ஷெட்டுகளில் கிரீஸும் வேஸ்ட் பஞ்சுமாக முப்பத்தைந்து வருஷம் கழித்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது எஞ்சின் ஒன்றுதான். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிக்கு மேல் நெல்லை, குமரி மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்தவை. பலர் வீட்டில் லாரியோ, வேனோ, ஆட்டோவோ சோறு போடுகிறது. அவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "ஒரிஜினல் சாமானாப் பார்த்துத்தான் போட்டேன் சார், இருந்தும் வண்டி சரியில்லை." இந்தப் புலம்பலுக்குப் பதில் சொல்லும் ஓர் அனுபவம் எனக்கு வாய்த்தது.

அண்ணாச்சியின் லாரி

சாலைக் கடைத்தெருவில் அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் என் தெருவாசி. அவருடைய தகப்பனார் 1993-இல் வாங்கிய டாடா 1612 லாரி ஒன்று அவர்களிடம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி நெல்லை வரை போய்வந்த வண்டி. இப்போது வயதாகிவிட்டதால் நெடுமங்காடு, ஆற்றிங்கல் என்று மாவட்டத்துக்குள்ளேயே கடைகளுக்குச் சரக்கு இறக்கிவிட்டு வருகிறது. அந்த லாரியை நம்பி அண்ணாச்சி குடும்பமும், இருபது வருஷமாக அதை ஓட்டும் டிரைவர் குடும்பமும் இருக்கின்றன.

எட்டு மாதம் முன்பு ஓர் ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினை முழுதாக அவிழ்த்து வேலை செய்திருந்தார்கள். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிது. ஆனால் வண்டி முன்னைவிட மோசமாயிற்று. ஆயில் குடித்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை, கூடவே கொஞ்சம் கரும்புகை. சூடேறினால் ஆயில் பிரஷர் முள் இறங்கிவிடும். அடியில் 'டொக் டொக்' என்று ஒரு தட்டல். தகுதிச் சான்று பரிசோதனைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. பழைய டீசல் வண்டிகளுக்குப் புகை அளவு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டக் கூடாது. இந்த லாரி அதைத் தாண்டும் என்பதற்கு மீட்டரே வேண்டாம், கண்ணே போதும்.

அண்ணாச்சியின் மகன், "காயலாங்கடைக்குப் போடுங்கப்பா, கடன் வாங்கிப் புது வண்டி எடுப்போம்" என்றான். அண்ணாச்சியோ, சாமான் விற்ற கடைக்காரர் டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டார் என்று கொதித்துக்கொண்டிருந்தார். அந்தக் கடைக்காரரும் நம்மவர்தான். இரு குடும்பத்துக்கும் இரண்டு தலைமுறைப் பழக்கம்.

"சார், நீங்க எஞ்சின்காரர். ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கே அவன் கடை வாசல்ல போய் நிக்கப்போறேன்" என்றார்.

புகையைப் பார்த்துவிட்டு நானும் அவசரப்பட்டு, "டூப்ளிகேட்டாத்தான் இருக்கும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். அளந்து பார்க்காமல் சொன்ன சொல். முப்பத்தைந்து வருஷம் அளவுக் கருவியோடு வாழ்ந்தவன் சொல்லக் கூடாத சொல். இரவு தூக்கம் வரவில்லை. காலையில் போய், "கடைக்குப் போகாதீங்க. முதல்ல எஞ்சினைத் திறந்து பார்ப்போம்" என்று தடுத்தேன்.

எஞ்சினின் பூர்வீகம்

திறப்பதற்கு முன் இந்த எஞ்சின்களின் வரலாற்றைச் சிறிது சொல்கிறேன். நம் ஊருக்கும் இதில் பங்குண்டு.

திருவிதாங்கூர் சமஸ்தானம் 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி அரசுப் பேருந்து சேவையைத் தொடங்கியது. லண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் பணியாற்றிய சால்ட்டர் என்ற ஆங்கிலேயர் அதன் கண்காணிப்பாளர். இங்கிலாந்திலிருந்து பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய 60 கம்மர் சேசிஸ்களை வரவழைத்து, அவற்றின் மேல் கூண்டை இங்கேயே கட்டினார்கள். கூண்டு உள்ளூர்த் தச்சரும் கருமாரும் செய்ய முடிந்தது. எஞ்சின் சாமானுக்கோ கடல் கடந்துதான் போக வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. சென்னையில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனியுடன் சேர்ந்து 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. எண்ணூரில் லாரி, பஸ் சேசிஸ்கள் உருவாயின. சிம்ப்சன் கம்பெனி 1950-களில் பெர்க்கின்ஸ் எஞ்சின்களைச் சென்னையிலேயே செய்யத் தொடங்கியது. ஜாம்ஷெட்பூரில் டாடாவின் டெல்கோ 1954-இல் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸுடன் ஒப்பந்தம் செய்து லாரி தயாரித்தது. அந்த ஒப்பந்தம் 1969-இல் முடிந்தபின் முகப்பிலிருந்த மூன்று முனை நட்சத்திரம் போய், டாடா முத்திரை வந்தது.

டெல்கோ என்ற பெயரில் 'லோகோமோட்டிவ்' என்ற சொல்லும் அடங்கியிருந்தது. 1945-இல் அந்தக் கம்பெனி பிறந்ததே ரயில் எஞ்சின் செய்யத்தான். மீட்டர் கேஜில் ஓடிய ஒய்.பி., ஒய்.ஜி. நீராவி எஞ்சின்களில் பல அங்கே செய்தவை. ஆகவே டாடா லாரி எனக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி.

அண்ணாச்சி லாரியில் இருப்பது 697 என்ற எஞ்சின். பெயரிலேயே விவரம் இருக்கிறது: 6 சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மி.மீ. விட்டம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 128 மி.மீ. கணக்குப் போட்டால் மொத்தக் கொள்ளளவு 5,675 கன சென்டிமீட்டர், அதாவது ஐந்தரை லிட்டருக்குச் சற்று மேல். பிஸ்டன் தலையின் பரப்பு ஏறத்தாழ 74 சதுர சென்டிமீட்டர். டீசல் எரியும் கணத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பிஸ்டன் தலையில் ஐந்து டன்னுக்கு மேல் இடி விழுகிறது. நிமிஷத்துக்கு 2,400 சுற்றில் இப்படி 7,200 இடி; விநாடிக்கு 120. இத்தனையையும் தாங்குவது தலைமயிர் தடிமனுள்ள ஆயில் படலம். எஞ்சின் வேலையில் 'கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன' என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போனது இதனால்தான்.

எது அசல்?

கடையில் சாமான் மூன்று வகையாகக் கிடைக்கும்.

முதலாவது, லாரிக் கம்பெனியின் சொந்த அட்டைப் பெட்டியில் வருவது. இரண்டாவது, அந்தச் சாமானைச் செய்யும் கம்பெனியே தன் பெயரில் விற்பது. லாரிக் கம்பெனிகள் எல்லாச் சாமானையும் தாங்களே செய்வதில்லை. பிஸ்டன் என்றால் 1949-இல் சென்னையில் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற கம்பெனிகள்; டீசல் பம்பும் நாசிலும் என்றால் 1951-இல் தொடங்கி நாம் 'மைக்கோ' என்று அழைத்துப் பழகிய பெங்களூர்க் கம்பெனி. அது 2008 முதல் பாஷ் என்ற பெயரில் இயங்குகிறது. இத்தகைய கம்பெனிகளின் சொந்தப் பெட்டியில் வரும் சாமானும் நம்பத் தக்கதே. மூன்றாவது, இவர்கள் பெயரையும் முத்திரையையும் திருடி அச்சடித்த போலி. 1999-ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டப்படி போலி முத்திரை இடுவதற்கும், அத்தகைய சாமானை விற்பதற்கும் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறைத்தண்டனை உண்டு.

உள்ளூர்ப் பட்டறையில் சொந்தப் பெயரில் செய்து, லோக்கல் சாமான் என்று சொல்லியே விற்பவர்களும் உண்டு. அது போலி அல்ல. ஆனால் எஞ்சினின் உள்ளே போகும் சாமானுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். மட்கார்டுக்கும் கதவுக் கைப்பிடிக்கும் போதும்.

போலியைக் கண்டுபிடிக்க எளிய வழிகள் சில. பில்லில் பார்ட் நம்பர் இருக்க வேண்டும். அதே நம்பர் பெட்டியிலும் இருக்க வேண்டும். பேரிங் ஷெல்லின் முதுகில் செய்தவர் முத்திரையும் அளவும் தெளிவாகப் பதிந்திருக்கும். ஒரு செட் பிஸ்டனை எடை போட்டால் ஒன்றுக்கொன்று சில கிராமுக்கு மேல் வித்தியாசம் இருக்காது. விளிம்புகளில் பிசிறு இருக்காது. பழைய பெட்டியைத் தூக்கிப் போடும்போது கிழித்துப் போடுங்கள். காலிப் பெட்டிக்கும் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

திறந்தபோது கண்டது

கரமனைப் பக்கம் சிறிய பட்டறை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்தோம். எல்லோரும் அவரை 'ஆசான்' என்பார்கள். லாரி எஞ்சினில் என்னைவிட அனுபவசாலி. அவர் அவிழ்க்க, நான் அளக்க, டிரைவர் எழுத, வேலை தொடங்கியது. முன் வேலை செய்தவரைப் பற்றி ஒரு சொல்லும் பேசக் கூடாது என்று முதலிலேயே ஒப்பந்தம்.

பிஸ்டனை மைக்ரோமீட்டரால் அளந்தேன். அளவு சரி. லைனரை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளந்தேன். சரி. பேரிங் ஷெல் முத்திரை சரி. பில்லோடு நம்பர் ஒத்தது. ஆக, எல்லாம் அசல் சாமான். கடைக்காரர் மேல் தவறே இல்லை. அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நானும்தான் தலை குனிந்தேன்.

அப்படியானால் கோளாறு எங்கே? மூன்று இடத்தில் இருந்தது.

ஒன்று: நான்கு பிஸ்டன்களில் இரண்டாவது ரிங் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. இந்த ரிங்கின் முகம் பார்வைக்கு நேராகத் தெரிந்தாலும் மிக லேசான சரிவு உடையது. கீழ்விளிம்பு மட்டும் லைனரைத் தொட்டு, இறங்கும்போது ஆயிலை வழித்துக் கீழே தள்ளும். தலைகீழாக மாட்டினால் அதே ரிங், ஏறும்போது ஆயிலை வழித்து மேலே அனுப்பும். அந்த ஆயில் எரிவதுதான் நீலப் புகை. மேல்பக்கம் எது என்று ரிங்கிலேயே 'டாப்' என்று பொடி எழுத்தில் பதித்திருக்கிறார்கள். கண்ணாடி போட்டு யாரும் பார்க்கவில்லை.

இரண்டு: நாலாம் நம்பர் கனெக்டிங் ராடு பேரிங் ஷெல்லுக்குப் பின்னால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் மடித்து வைத்திருந்தது. கிராங்க் ஷாஃப்டில் அந்த ஓரிடம் கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது. ஷாஃப்டைக் கடைசலுக்கு அனுப்பினால் இரண்டு நாள் தாமதம். தாள் வைத்தால் இரண்டு நிமிஷம். ஆனால் ஷெல் தன் சூட்டை முதுகு வழியாகத்தான் ராடுக்குக் கொடுக்கிறது. இடையில் தாள் வந்தால் சூடு போகாது. தாள் நசுங்கியதும் ஷெல் ஆடத் தொடங்கும். நாம் கேட்ட 'டொக் டொக்' அதுதான். இதில் இன்னொரு கணக்கும் உண்டு. பேரிங் இடைவெளி இரண்டு மடங்கானால் ஆயில் கசிவு இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழ எட்டு மடங்காகும். சூடேறி ஆயில் இளகியதும் பிரஷர் முள் விழுந்ததற்குக் காரணம் இதுவே.

மூன்று: மூன்றாம் சிலிண்டர் நாசிலுக்கு அடியில் ஒரு செப்பு வாஷருக்குப் பதில் இரண்டு இருந்தன. பழையது உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதைப் போட்டுவிட்டார்கள். நாசில் முனை அந்த அளவுக்கு மேலே தூக்கி நின்றது. டீசல் பிஸ்டன் குழிக்குள் தெளிக்காமல் ஹெட்டின் அடிப்பாகத்தில் பட்டு, சரியாக எரியாமல் கரும்புகையாயிற்று. சில ரூபாய் வாஷர் செய்த வேலை.

இந்த மூன்றும் பெரிய திருட்டல்ல, அவசரமும் அசிரத்தையும்தான். நானும் இதில் உத்தமன் இல்லை. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு ரயில் எஞ்சினில் இரண்டு பேரிங் மூடிகளை இடம் மாற்றிப் போட இருந்தேன். இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். என் மேலதிகாரி நம்பரைப் படிக்கச் சொல்லி நிறுத்தினார். பிளாக்கோடு மூடியை மாட்டிய பிறகே துளையைக் கடைகிறார்கள். ஆகவே ஒவ்வொரு மூடியும் தன் இடத்துக்கு மட்டுமே சொந்தம். அன்று அவர் படிக்கச் சொல்லாவிட்டால் 2,600 குதிரைத் திறன் எஞ்சின் ஒன்று நடுவழியில் நின்றிருக்கும்.

சரியாக மாட்டும் முறை

பிறகு மூன்று நாள் உட்கார்ந்து சரியாகச் செய்தோம். அந்த முறையைச் சுருக்கமாகத் தருகிறேன். நீங்களே ஸ்பானர் பிடிக்க வேண்டாம். ஆனால் பட்டறையில் நிற்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரியும்.

முதலில் சுத்தம். கிராங்க் ஷாஃப்டின் உள்ளே ஓடும் ஆயில் துவாரங்களைக் கம்பித் தூரிகை விட்டுக் கழுவி, காற்றடிக்க வேண்டும். கடைசல் தூள் ஒரு சிட்டிகை உள்ளே இருந்தாலும் புதுப் பேரிங்கை ஒரே நாளில் கீறிவிடும். ஹெட் போல்ட் இறங்கும் குழிகளிலும் ஆயிலோ தண்ணீரோ நிற்கக் கூடாது. அடியில் திரவம் இருக்கும்போது போல்ட்டை முறுக்கினால் போக இடமில்லாத திரவம் பிளாக்கையே விரிசல் விடச் செய்யும்.

அடுத்து அளவு. கிராங்க் ஷாஃப்டை 0.25, 0.50, 0.75 மி.மீ. என்று படிப்படியாகக் குறைத்துக் கடைவார்கள். அந்தந்தப் படிக்கு ஏற்ற தடிமனில் ஷெல் கிடைக்கும். அண்ணாச்சி லாரியின் ஷாஃப்ட் 0.50-இல் இருந்தது. ராடு மாட்டும் ஆறு இடங்களையும் 0.75-க்குக் கடைந்து, அதற்குரிய புது ஷெல்கள் வாங்கினோம். அதே கடையில்தான். பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் இடையே இடைவெளி, பொது விதியாக, ஷாஃப்ட் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். சரியான எண்ணைக் கம்பெனி கையேட்டில்தான் பார்க்க வேண்டும். ஞாபகத்தை நம்பக் கூடாது. ஷெல் முனைகளை அரம் கொண்டு தேய்க்கவே கூடாது. அவை மூடியின் விளிம்பைவிட மயிரிழை தூக்கி நிற்பது கம்பெனி தெரிந்தே செய்தது. மூடியை முறுக்கும்போது அந்த மயிரிழைதான் ஷெல்லை இறுக்கிப் பிடிக்கிறது.

மூன்றாவது, ரிங் வாய். ரிங்கை வெறும் லைனருக்குள் நேராக இறக்கி, இரு முனைக்கும் இடையே பீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். இந்த இடைவெளி எதற்கு? ரிங்கின் சுற்றளவு சுமார் 305 மி.மீ. லைனரைவிட ரிங் 100 டிகிரி அதிகம் சூடானால் வார்ப்பிரும்பு அந்த நீளத்தில் சுமார் 0.33 மி.மீ. நீளும். இடம் இல்லையென்றால் முனைகள் முட்டி, ரிங் லைனரைச் சுரண்டும் அல்லது உடையும். அதிக இடம் இருந்தால் அழுத்தம் கீழே கசியும். லைனர் 0.1 மி.மீ. தேய்ந்தாலே இந்த வாய் 0.3 மி.மீ. கூடுதலாகத் திறக்கும். தேய்ந்த லைனரில் புது ரிங் போட்டால் ஏன் பலனில்லை என்பது இதிலிருந்து விளங்கும். மாட்டும்போது எல்லா ரிங்குகளின் வாயும் ஒரே நேர்கோட்டில் வராமல் சுற்றி வைக்க வேண்டும். 'டாப்' எழுத்தை மறக்கவே கூடாது.

நான்காவது, முறுக்கு. "கை அளவு தெரியும் சார்" என்று பல மெக்கானிக்குகள் சொல்வார்கள். போல்ட்டை முறுக்கும் பலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போகிறது. ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. மரை காய்ந்திருந்தால் ஒரு கணக்கு, ஆயில் பட்டிருந்தால் வேறு கணக்கு. கைக்கு இது தெரியாது. டார்க் ரெஞ்ச் வேண்டும், கையேடு சொன்ன எண் வேண்டும். ஹெட்டை நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் விரிந்து, இரண்டு மூன்று சுற்றில் படிப்படியாக முறுக்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் ஹெட் வில்லாக வளைந்து கேஸ்கெட் நடுவில் ஊதும்.

ஐந்தாவது, நாசிலும் பம்பும். நாசிலைச் சோதனைக் கருவியில் மாட்டி, திறக்கும் அழுத்தத்தையும் தெளிப்பையும் பார்க்க வேண்டும். சொட்டக் கூடாது, பனியாகத் தெளிக்க வேண்டும். குழிக்குள் டார்ச் அடித்துப் பழைய வாஷர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, ஒன்றே ஒன்று புதிதாகப் போட வேண்டும். பம்பு மாட்டும்போது குறிகளைப் பொருத்த வேண்டும். இந்த எஞ்சின் எரியும் வரிசை 1-5-3-6-2-4. குழாய் மாறினால் வரிசை மாறும்.

கடைசியாக, ஸ்டார்ட்டர் போடும் முன் கையால் எஞ்சினை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். எங்காவது இடித்தால் கையில் தெரியும். ஸ்டார்ட்டரில் தெரியும்போது வால்வு வளைந்திருக்கும். பிறகு டீசலை நிறுத்திவைத்து, ஆயில் பிரஷர் முள் எழும் வரை மட்டும் சுற்ற வேண்டும். காய்ந்த பேரிங்கில் இடி விழவே கூடாது.

ஆசான் சொன்ன பாடம்

எஞ்சின் கிளம்பியது. தட்டல் இல்லை. நான் ஒரு யோசனை சொன்னேன்: "இன்றைக்கு முழுநாளும் ஐட்லிங்கிலேயே ஓடட்டும், மெதுவாகப் பழகும்." ரயில்வேயில் வேலை முடிந்த எஞ்சினை லோட் பாக்ஸ் என்ற மின்தடைப் பெட்டியோடு இணைத்து, படிப்படியாகப் பளு ஏற்றிச் சோதிப்போம். இங்கே அது இல்லையே என்று எனக்குத் தயக்கம்.

ஆசான் சிரித்தார். "சாரே, இது தீவண்டியல்ல. லோடு கேற்றி ஓடிச்சாலே ரிங் சரியாவூ."

அவர் சொன்னதுதான் சரி. ரிங்கை லைனர் மேல் அழுத்துவது அதன் சொந்த விசை மட்டுமல்ல. எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்னால் புகுந்து தள்ளுவதே முக்கியம். வெறுமனே ஐட்லிங்கில் விட்டால் அந்த அழுத்தம் இல்லை. ரிங் படியாமல், லைனர் சுவர் ஆயில் படிந்து கண்ணாடி போல் வழுக்கிவிடும். அப்புறம் எத்தனை நாள் ஓட்டினாலும் புகை நிற்காது. என் லோட் பாக்ஸும் அவருடைய அரிசி மூட்டையும் செய்வது ஒரே வேலைதான். அதை யோசிக்காமல் விட்டது நான்.

ஆகவே பாதி லோடு ஏற்றி, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை வழியாக அமரவிளை வரை போய்வரச் செய்தோம். 47-ஆம் எண் நெடுஞ்சாலை என்று நாம் பழகிய, இன்று 66 என்று எண் மாறிய அதே சாலை. எஞ்சினைத் திணறவும் விடாமல், முழு வேகத்தில் விரட்டவும் செய்யாமல், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டச் சொன்னார் ஆசான். திரும்பி வந்ததும் வால்வு இடைவெளியை மறுபடி பார்த்தோம். சில நூறு கிலோமீட்டர் ஆனதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினோம். புது எஞ்சினின் முதல் ஆயிலில் தேய்ந்த தூள் வரும். அதைச் சிக்கனம் என்று வைத்திருக்கக் கூடாது.

பழையதை எதுவரை காப்பது?

லாரி புகைப் பரிசோதனையில் தேறியது. தகுதிச் சான்றும் கிடைத்தது. அண்ணாச்சி அன்று மாலையே ஒரு சீப்பு பேயன் பழத்தோடு சாமான் கடைக்காரரைப் பார்க்கப் போனார். என்னையும் அழைத்தார். "உன்னைப் பத்தித் தப்பா நினைச்சிட்டேன் தம்பி" என்றார். அவர், "நீங்க வந்து சொல்லாட்டா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்லையே அண்ணாச்சி" என்று சிரித்தார். நான் சொன்ன அவசரச் சொல்லையும் அங்கே ஒப்புக்கொண்டேன். அதன் பிறகுதான் எனக்கு இரவில் தூக்கம் வந்தது.

அண்ணாச்சி மகன் சொன்னதிலும் நியாயம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. எவ்வளவு நன்றாக மாட்டினாலும் 1993-ஆம் வருஷத்து எஞ்சின் 2020-இல் வந்த பி.எஸ்.6 எஞ்சின் அளவுக்குச் சுத்தமாக எரியாது. 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்று மத்திய அரசு விதி செய்ததும் காரணமில்லாமல் அல்ல. சேசிஸ் துருப்பிடித்து, பிரேக்கும் ஸ்டியரிங்கும் நம்ப முடியாமல் போனால், எஞ்சினை மட்டும் காப்பாற்றுவது பிடிவாதம். அந்த லாரிக்கு இன்னும் சில வருஷம்தான் என்று நானும் அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறேன். அந்தச் சில வருஷத்தில் கடன் இல்லாமல் மகனுக்குப் புது வண்டிக்கு முன்பணம் சேர்த்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

உங்கள் வண்டியைப் பட்டறையில் விடும்போது இவற்றை மட்டும் கேளுங்கள்: கழற்றிய பழைய சாமானை என்னிடம் திருப்பித் தருவீர்களா? அளந்த எண்களை ஒரு தாளில் எழுதித் தருவீர்களா? டார்க் ரெஞ்ச் இருக்கிறதா? பில்லில் பார்ட் நம்பர் வருமா? மாட்டும் நாளில் நான் வந்து நிற்கலாமா? நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். அவருக்கு உரிய கூலியில் பேரம் பேசாதீர்கள். ஷாஃப்டைக் கடைசலுக்கு அனுப்ப இரண்டு நாள் கேட்டால் மனமுவந்து கொடுங்கள். சிகரெட் தாள் உள்ளே போவது பெரும்பாலும் நாம் "நாளைக்கே வண்டி வேணும்" என்று நிற்கும்போதுதான்.

அண்ணாச்சியின் கடையில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பழைய செப்பு வாஷர் இரண்டும் ஒரு நூலில் கோத்துத் தொங்குகின்றன. யாராவது கேட்டால் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்கிறார்.